16 வயது மகளுக்கு மனச்சோர்வு: மாத்திரையா, உளவியல் சிகிச்சையா?

கேட்டவர் ஒரு தாய். அவர் எழுதியதன் சுருக்கம் இது. 16 வயது மகளுக்கு மனச்சோர்வு என்று மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரையும் வாரம் ஒருமுறை உளவியல் சிகிச்சையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டு இரண்டு வாரமாக அலமாரியில் கிடக்கிறது. உறவினர் ஒருவர் "எல்லாம் வயதுக் கோளாறு, தானாகத் தெளிந்துவிடும்" என்கிறார். இன்னொருவர் "அந்த மாத்திரை பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தள்ளும்" என்கிறார். இவற்றில் எது உண்மை, மாத்திரையா பேச்சா, எத்தனை காலம் ஆகும், பிற்பாடு இது இருதுருவக் கோளாறாக (அளவுமீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறிமாறி வரும் நோயாக) மாறுமா என்பவை அவருடைய கேள்விகள். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி: "எனக்கும் பல மாதங்களாகச் சரியான தூக்கமில்லை, அது கிடக்கட்டும்." அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

அம்மா, நான் மருத்துவ உளவியலாளர். வளரிளம் பருவத்தினரின் மனநிலைக் கோளாறுகள்தான் என் அன்றாட வேலை. உங்கள் மகளை நான் பார்த்ததில்லை. அதனால் அவளுக்கு இது வேண்டும், இது வேண்டாம் என்று இங்கிருந்தபடி சொல்ல மாட்டேன். இத்தனை ஆண்டு ஆராய்ச்சி என்ன கண்டது, அதை ஒரு வீட்டில் எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதைச் சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: எதில் தொடங்குவது என்று தவியாய்த் தவிக்கும் குடும்பங்கள், தொடங்கிய நான்காவது வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் என்ன செய்யப் போகிறோம் என்று யோசிப்பதில்லை. நான் பார்த்தவரை, பிள்ளைகள் தேறுவதும் தேங்கிவிடுவதும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான்.

முதலில் அந்த "வயதுக் கோளாறு". அப்படிச் சொன்னவர் மேல் கோபப்படாதீர்கள். 1970-கள் வரை உளப்பகுப்பாய்வாளர்கள் பலரே, குழந்தைகளுக்குப் பெரியவர்களைப் போன்ற மனச்சோர்வு வராது என்று நம்பினார்கள். தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொள்ளும் மனசாட்சி அந்த வயதில் முழுமையாக உருவாகியிருக்காது, ஆகவே அந்த நோய் வர வழியில்லை என்பது அவர்களது வாதம். மரியா கோவாக்ஸ் போன்ற ஆய்வாளர்கள் குழந்தைகளிடமே முறையாகக் கேள்வி கேட்டு, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த பிறகுதான் அந்த நம்பிக்கை தகர்ந்தது. ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் அமெரிக்காவில் நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 2005-இல் வந்தது. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுவதாக அது காட்டியது. ஆக, உறவினர் சொல்வது ஒரு வகையில் சரி. இது அந்த வயதில் வருகிற நோய்தான். அந்த வயதுக்கே உரிய குணம் என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு.

அந்த வயதின் வாட்டத்துக்கும் நோய்க்கும் கோடு எங்கே? மருத்துவர்கள் பார்ப்பது கால அளவையும் முடக்கத்தையும். இரண்டு வாரமாவது, ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி நேரமும் அறிகுறிகள் இருக்க வேண்டும். தூக்கம், பசி, கவனம், தெம்பு, தன்மதிப்பு என்று ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து சேர்ந்திருக்க வேண்டும். படிப்போ நட்போ வீட்டு வாழ்க்கையோ அதனால் குலைந்திருக்க வேண்டும். பெற்றோர் தவறவிடுவது ஒன்று உண்டு. பெரியவர்களிடம் சோகமாக வெளிப்படுவது பிள்ளைகளிடம் எரிச்சலாக வெளிப்படலாம் என்பதை நோயறிதல் விதிகளே ஏற்கின்றன. கண்ணீரைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்க்கு, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்து கதவை அறைந்து சாத்தும் மகள் திமிர் பிடித்தவளாகத் தெரிகிறாள். அதே மகள் இரவு மூன்று மணிக்கு விழித்துக் கிடப்பது அவருக்குத் தெரிவதில்லை.

தானாகத் தெளியுமா? பல சமயம் தெளியும், மறைக்கவில்லை. ஆனால் சிகிச்சைக்கு வருமளவு முற்றிய ஒரு மனச்சோர்வுக் கட்டம் பொதுவாக ஏழு முதல் ஒன்பது மாதம் நீடிக்கிறது. 16 வயதில் அது ஏறக்குறைய ஒரு முழுப் பள்ளியாண்டு. நண்பர்கள் விலகிப் போவதும், பாடம் கைநழுவுவதும், "நான் இப்படித்தான்" என்ற எண்ணம் மனத்தில் ஊறிப்போவதும் அதற்குள் நடந்துவிடும். நோய் போன பிறகும் இவை போவதில்லை.

இனி முக்கியமான கேள்வி. இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பச் செல்லும் ஆய்வு ஒன்று உண்டு. 2004-இல் வெளியானது, அமெரிக்காவில் 13 இடங்களில் நடந்தது, சுருக்கமாக டாட்ஸ் என்பார்கள். 12 முதல் 17 வயதுவரை, மனச்சோர்வுள்ள 439 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஃப்ளூவாக்ஸெடின். ஒரு குழுவுக்குச் சிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. ஒரு குழுவுக்கு இரண்டும். ஒரு குழுவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 12 வாரம் கழித்து நன்கு முன்னேறியவர்கள், இரண்டும் பெற்ற குழுவில் 71 சதவீதம், மாத்திரை மட்டும் பெற்றதில் 61, பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றதில் 43, போலி மாத்திரையில் 35.

இந்த நான்கு எண்களையும் சற்று நிதானமாகப் பாருங்கள். போலி மாத்திரை பெற்றவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் தேறியிருக்கிறார்கள். யாரோ தொடர்ந்து அக்கறையுடன் விசாரித்ததும், காலம் கழிந்ததும், நம்பிக்கையும் செய்த வேலை அது. அதை அலட்சியம் செய்யக் கூடாது. மறுபுறம், இரண்டையும் பெற்றவர்களில்கூட பத்தில் மூன்று பேர் மூன்று மாதத்தில் தேறவில்லை. உலகின் மிகச் சிறந்த குழுக்கள், இலவசச் சிகிச்சை, இடைவிடாத கண்காணிப்பு எல்லாம் இருந்தும் அப்படி.

பிறகு அதே பிள்ளைகளை 36-ஆம் வாரத்தில் பார்த்தார்கள். இரண்டும் பெற்றவர்கள் 86, மாத்திரை மட்டும் 81, பேச்சு மட்டும் 81. பின்தங்கியிருந்த பேச்சுச் சிகிச்சை மாத்திரையை எட்டிப் பிடித்துவிட்டது. மாத்திரையின் பலம் வேகம் என்றுதான் இதை நான் படிக்கிறேன். பிள்ளை பள்ளிக்கே போக முடியாத நிலையில், சாப்பிடாமல், சாவைப் பற்றிப் பேசிக்கொண்டு இருந்தால் அந்த வேகம் மிகப் பெரிய விஷயம். லேசான நிலையில் இருக்கும் பிள்ளைக்குப் பேச்சுச் சிகிச்சையை மட்டும் முதலில் வைத்துப் பார்க்க நேரம் இருக்கிறது.

இந்த ஆய்வை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். இரண்டும் பெற்ற குழுவுக்குத் தாங்கள் உண்மையான மாத்திரையைத்தான் விழுங்குகிறோம் என்று தெரியும். மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு அது தெரியாது. நம்பிக்கை கொஞ்சம் கூடுதலாக வேலை செய்திருக்கும். 2007-இல் பிரிட்டனில் அயன் குட்யர் குழு 208 பேரிடம் நடத்திய ஆய்வில், நல்ல மருத்துவக் கவனிப்போடு மாத்திரை பெறுபவர்களுக்குச் சிபிடியையும் சேர்த்ததால் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. அங்கே வந்தவர்கள் பலர் நோய் கடுமையாக முற்றியவர்கள். இரண்டு நல்ல ஆய்வுகள், இரண்டு விடைகள். இந்தத் துறையில் இது சாதாரணம். ஒற்றை ஆய்வைக் காட்டி "நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்று யார் சொன்னாலும் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

பேச்சுச் சிகிச்சையின் உண்மையான பலம் எவ்வளவு? ஜான் வைஸ் குழு 2017-இல் ஐம்பது ஆண்டு ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டியது: 447 ஆய்வுகள், 30,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். பதற்றக் கோளாறுகளில் விளைவின் அளவு (சுழியம் என்றால் பயனே இல்லை) 0.61. மனச்சோர்வில் 0.29, அலசிய நோய்களிலேயே மிகக் குறைவு. எளிதாகச் சொன்னால், சிகிச்சை பெற்ற மனச்சோர்வுப் பிள்ளை ஒருவரையும் பெறாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுத்தால், பெற்றவர் நல்ல நிலையில் இருக்க 100-க்கு 58 வாய்ப்பு. வெறும் நாணயச் சுண்டல் என்றால் 50. இதைப் படித்ததும் உங்கள் மனம் சோர்ந்துபோகும் என்று தெரியும். என் மனமும் சோர்ந்தது. ஆனால் இது சராசரி. சிலருக்குப் பெரிய மாற்றம், சிலருக்கு ஒன்றுமேயில்லை என்பதன் சராசரி. உங்கள் மகள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை இன்றுவரை எந்த ஆய்வகத்திலும் இல்லை. தொடங்கிப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் நான்காவது வாரத்தைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

மாத்திரையைப் பற்றிய பயத்துக்கு வருவோம். அது வெறும் வதந்தி இல்லை. 2004 அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மனச்சோர்வு மாத்திரைகளின் தகவல் தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கையைப் போட வைத்தது. 2007-இல் அதை 24 வயது வரைக்கும் நீட்டித்தது. 24 ஆய்வுகளில் இருந்த சுமார் 4,400 பிள்ளைகளின் தரவுகளை அலசியதில், தற்கொலை எண்ணமோ முயற்சியோ மாத்திரை எடுத்தவர்களில் 4 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம் என்று தெரிந்தது. அந்த ஆய்வுகளில் ஒருவர்கூடத் தற்கொலையால் இறக்கவில்லை. நூறு பிள்ளைகளில் கூடுதலாக இரண்டு பேர் என்பது உண்மையான ஆபத்து. மறைக்க வேண்டியதில்லை. மருந்தையே தொடாமல் ஓடவும் வேண்டியதில்லை. உடன் இருந்து கவனிக்க வேண்டிய ஆபத்து அது.

நம்பிக்கை கெட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பராக்ஸெடின் என்ற மாத்திரையை வளரிளம் பருவத்தினரிடம் சோதித்த, 329 என்ற எண்ணால் அறியப்படும் ஆய்வு 2001-இல் "பயன் உண்டு, பாதுகாப்பானது" என்ற தொனியில் வெளியானது. மூலத் தரவுகளை வேறு ஆய்வாளர்கள் மறுபடியும் அலசி 2015-இல் வெளியிட்டபோது, பயன் இல்லை, தீங்கு உண்டு என்று தெரிந்தது. பிள்ளைகளின் மருந்து விஷயத்தில் இப்படி நடந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனால் எல்லா மாத்திரையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 2016-இல் ஆண்ட்ரியா சிப்ரியானி குழு 14 மருந்துகளை, 34 ஆய்வுகள் வழியாக ஒப்பிட்டது. பிள்ளைகளிடம் போலி மாத்திரையைவிடத் தெளிவாக மேலானது என்று அதில் தேறியது ஃப்ளூவாக்ஸெடின் மட்டும்தான். உங்கள் மருத்துவர் எழுதியிருப்பது அதைத்தான்.

டாட்ஸ் ஆய்விலும் இது சம்பந்தமான ஒரு தகவல் இருக்கிறது. 36 வாரங்களில் தற்கொலை சார்ந்த நிகழ்வுகள் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 15 சதவீதத்தை ஒட்டி இருந்தன. பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்திருந்த குழுவில் அது 8 சதவீத அளவுதான். மாத்திரையோடு பேச்சையும் சேர்த்து எழுதித் தந்திருக்கிறார் உங்கள் மருத்துவர் என்றால், அதற்குப் பின்னால் இந்த மாதிரியான கணக்கும் இருக்கிறது.

எனவே மாத்திரையைத் தொடங்கினால் முதல் சில வாரங்களும், அளவை மாற்றும் நாட்களும் உங்கள் கவனத்தில் இருக்கட்டும். ஓரிடத்தில் உட்கார முடியாத பரபரப்பு, திடீரென அறவே தூக்கமில்லாமை, வழக்கத்துக்கு மாறான படபடப்பு, புதிதாக வரும் சாவுப் பேச்சு, இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். வீட்டில் இருக்கும் மற்ற மாத்திரைகளையும் நச்சுப் பொருட்களையும் பூட்டி வையுங்கள். சிறு வேலையாகத் தெரியும். ஆனால் அந்த வயதில் விபரீத எண்ணம் பல சமயம் சில நிமிட வேகத்தில் வந்து போவது, கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் அந்த நிமிடங்கள் கடந்துவிடும்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று மகளிடம் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்ததாகிவிடுமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். மேடலின் கோல்ட் குழு நியூயார்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் மட்டும் தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்டது. 2005-இல் வந்த முடிவு: கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்டது ஆறுதலாகவே இருந்தது என்ற அறிகுறியும் தெரிந்தது. ஆகவே கேளுங்கள். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று சாதாரணக் குரலில், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "அப்படியெல்லாம் உனக்கு எண்ணம் வராதுதானே?" என்று கேட்டால் "வராது" என்ற பதிலைத்தான் நீங்கள் கேட்டு வாங்குகிறீர்கள்.

பேச்சுச் சிகிச்சை என்றால் வெறும் அறிவுரை என்று நினைப்பவர்களுக்காக ஒரு காட்சி. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். 15 வயதுப் பையன். சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதைக் கேட்டாலும் "தெரியவில்லை". ஒரு தாளில் மணிவாரியாகக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அந்த நேரத்தில் என்ன செய்தான் என்று ஒரு சொல், மனம் எப்படி இருந்தது என்று சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண், அவ்வளவுதான். அடுத்த வாரம் நான்காக மடித்துக் கசங்கிய தாளைக் கொண்டுவந்தான். பென்சிலில், அழுத்தமே இல்லாத எழுத்து. "படுக்கை 2. படுக்கை 2. போன் 2. போன் 1." பக்கம் முழுக்க அப்படியே. புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு மட்டும் ஒரு வரி நீளமாக இருந்தது: "தம்பி சைக்கிளில் செயின் கழன்றது, மாட்டிக் கொடுத்தேன் 4."

அந்த நான்கைச் சுற்றி வட்டமிட்டேன். "அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை" என்றான். பெரிய விஷயம் என்று நானும் சொல்லவில்லை. இரண்டு எப்படி நான்கானது என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கை அழுக்கானது. கழுவும்போது கொஞ்சம் நன்றாக இருந்தது" என்றான். அடுத்த வாரத்துக்கு அதேபோல இரண்டு வேலைகளை அவனையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன், நாளும் நேரமும் குறித்து. மனம் தெளிந்தால் எழுந்து நடமாடுவான் என்று வீட்டார் காத்திருந்தார்கள். பீட்டர் லூயின்சன் 1970-களில் முன்வைத்த கருத்து இதற்கு நேர்மாறானது. சோர்வில் செயல் குறைகிறது, செயல் குறைந்ததால் மனத்துக்குக் கிடைக்கும் சின்னச் சின்ன நிறைவுகள் நின்றுபோகின்றன, அதனால் சோர்வு இன்னும் ஆழமாகிறது. செயலிலிருந்து தொடங்கினால் இந்தச் சுழலை உடைக்கலாம். "எழுந்து ஏதாவது உருப்படியாகச் செய்" என்று அதட்டுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் அந்தக் கசங்கிய தாளில் இருக்கிறது. அவனுடைய நான்கை அவனே கண்டுபிடித்தான்.

வேறு வகைச் சிகிச்சைகளும் உண்டு. உறவுகளில் ஏற்படும் இழப்பு, பிணக்கு, மாற்றம் ஆகியவற்றை மையமாக வைத்து ஜெரால்ட் கிளெர்மனும் மர்னா வைஸ்மனும் உருவாக்கிய உறவுவழிச் சிகிச்சையை, லாரா மஃப்சன் வளரிளம் பருவத்தினருக்கு ஏற்றபடி அமைத்தார். வடக்கு உகாண்டாவில் போரால் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் 314 பேரைக் கொண்ட ஆய்வில் ஒரு பகுதியினருக்கு அதைக் குழுவாக நடத்திப் பார்த்ததில், 2007-இல் வந்த முடிவின்படி பெண் பிள்ளைகளின் மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது. 2017-இல் பிரிட்டனில் 465 பேரிடம் மூன்று வகைச் சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வில் எதுவும் மற்றதை வெல்லவில்லை. மூன்றிலும் பிள்ளைகள் தேறினார்கள். ஆகையால் சிகிச்சையாளர் எந்தச் சிகிச்சை முறையைச் சேர்ந்தவர் என்று அலசுவதைவிட, முறையாகப் பயின்றவரா, உங்கள் மகள் அவரிடம் வாய் திறக்கிறாளா என்று பாருங்கள்.

இனி அந்த வாரங்கள். மாத்திரை ஒன்று பலிக்காத 334 வளரிளம் பருவத்தினரை வைத்து டேவிட் பிரென்ட் குழு நடத்திய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. மாத்திரையை மட்டும் மாற்றியவர்களில் 41 சதவீதம் தேறினார்கள். மாத்திரையை மாற்றியதோடு சிபிடியும் சேர்த்தவர்களில் 55 சதவீதம். ஒன்று பலிக்கவில்லை என்பதால் எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இது. அதே பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்ததில், 12 வாரத்துக்குள் முன்னேற்றம் காட்டியவர்களில் 62 சதவீதம் 24-ஆம் வாரத்தில் நோயிலிருந்து விடுபட்டிருந்தார்கள். காட்டாதவர்களில் 18 சதவீதம்தான். பலிக்காத ஒன்றைப் பொறுமை என்ற பெயரில் இழுத்துக்கொண்டே போவதில் பிள்ளைக்கு நஷ்டம்.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சிகிச்சை தொடங்கும் நாளிலேயே மருத்துவரிடம் ஒரு வினாத்தாளைக் கேட்டு வாங்குங்கள். மனச்சோர்வை அளக்கும் ஒரு பக்க வினாத்தாள்கள் நிறைய உண்டு, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மகளே நிரப்பட்டும், வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில். நான்காவது வாரமும் ஆறாவது வாரமும் மருத்துவரைப் பார்க்கும்போது அந்த எண்களை எடுத்துச் செல்லுங்கள். எண் இறங்கியிருக்கிறதா? அப்படியானால் தொடருங்கள். அசையவே இல்லையா? "இனி என்ன மாற்றலாம்?" என்று கேளுங்கள். மாத்திரையின் அளவைக் கூட்டுவது, பேச்சு அமர்வை அதிகமாக்குவது, நோயறிதலையே மறுபடி பார்ப்பது என்று அவரிடம் வழிகள் இருக்கும். "பரவாயில்லை, கொஞ்சம் தேவலாம் போல" என்ற வாய்வார்த்தையை நம்பி ஆறு மாதம் ஓட்டிய குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பெற்றோர் மனம் நோகக் கூடாதென்று "தேவலாம்" என்று சொன்னவர்கள்.

முதல் சந்திப்புக்கு நாளாகும் என்றால், காத்திருக்கும் காலத்தில் ஒற்றை அமர்வு இணையப் பயிற்சிகள் ஓரளவு உதவும். ஜெசிக்கா ஷ்லைடர் குழு 2,452 வளரிளம் பருவத்தினரிடம் சோதித்து 2022-இல் வெளியிட்டது. அரை மணி அளவிலான ஒரே பயிற்சி, மூன்று மாதம் கழித்தும் மனச்சோர்வைச் சற்றுக் குறைத்திருந்தது. அந்தச் "சற்று" என்ற சொல்லை மறக்காமல் பயன்படுத்துங்கள். பள்ளிகளில் எல்லா மாணவர்களுக்கும் சேர்த்து நடத்தும் முழுக்கவனத் தியான (மைண்ட்ஃபுல்னெஸ்) வகுப்புகளை நம்பியிருக்க வேண்டாம். பிரிட்டனில் 85 பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வு, வழக்கமான வகுப்புகளைவிட அது மேலானதில்லை என்று 2022-இல் சொல்லிவிட்டது.

எத்தனை காலம்? நோய் தணிந்த பிறகும் மாத்திரையைப் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து, பிறகு தேர்வு நேரமோ வீடு மாறும் நேரமோ இல்லாத அமைதியான ஒரு காலமாகப் பார்த்து, மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். திடீரென நிறுத்தக் கூடாது. டாட்ஸ் ஆய்வில் இருந்தவர்களில் 196 பேரை ஐந்தாண்டுவரை பின்தொடர்ந்தபோது, ஏறக்குறைய எல்லோருமே, 96 சதவீதத்தினர், அந்த நோய்க்கட்டத்திலிருந்து மீண்டிருந்தார்கள். மீண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது மறுபடி வந்தது, பெண்களுக்கு அதிகமாக. இரண்டு தகவலையும் சேர்த்தே மனத்தில் வையுங்கள். மகள் தேறிய பிறகு சிகிச்சையாளருடன் உட்கார்ந்து, மறுபடி வந்தால் முதலில் தெரியும் அடையாளம் எது என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். ஒருத்திக்கு அது தலைவாராமல் விடுவது. இன்னொருத்திக்குத் தோழியின் செய்திக்குப் பதில் போடாமல் இருப்பது.

இருதுருவக் கோளாறு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலான பிள்ளைகளின் மனச்சோர்வு அப்படி மாறுவதில்லை. இதில் இரண்டு பக்கமும் தவறு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1994-95-க்கும் 2002-03-க்கும் இடையில் பிள்ளைகளுக்கு இந்த நோய்ப்பெயர் வைத்து நடந்த மருத்துவச் சந்திப்புகள் சுமார் 40 மடங்கு பெருகின. நோய் பெருகியதைவிட, ஓயாத எரிச்சலும் கோபவெடிப்பும் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அந்த முத்திரை விழுந்ததே முதன்மைக் காரணம். எலன் லைபன்லஃப்ட் குழுவின் ஆய்வுகள் அப்படிப்பட்ட பிள்ளைகள் வளர்ந்ததும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் அதிகம் ஆளாகிறார்கள் என்று காட்டின. 2013-இல் அவர்களுக்கெனத் தனி நோய்ப்பெயர் உருவானது. மறுபக்கத்தில், உண்மையான இருதுருவக் கோளாறு முதல் அறிகுறிக்குப் பல ஆண்டுகள் கழித்தே கண்டறியப்படுகிறது. நீங்கள் செய்ய வேண்டியது, குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது. மகள் மூன்று நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், நிறுத்தாத பேச்சும் அளவுமீறிய தெம்புமாக நாள்கணக்கில் இருந்தால், அதுவும் மாத்திரை தொடங்கிய பிறகு என்றால், உடனே தெரிவிப்பது.

கடைசியாக, நீங்கள் "கிடக்கட்டும்" என்று ஒதுக்கிய வரி. மர்னா வைஸ்மன் குழு, மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்ட தாய்மார்களையும் அவர்களுடைய 7 முதல் 17 வயதுவரையுள்ள பிள்ளைகளையும், 151 ஜோடிகளை, கவனித்து 2006-இல் வெளியிட்டது. மருந்து கொடுக்கப்பட்டது தாய்க்கு. மூன்று மாதத்தில் தாய் தேறிய வீடுகளில், தொடக்கத்தில் மனநலக் கோளாறு இருந்த பிள்ளைகளில் 33 சதவீதம் பேர் அதிலிருந்து விடுபட்டிருந்தார்கள். தாய் தேறாத வீடுகளில் 12 சதவீதம் பேர்தான். மகளின் நோய்க்கு நீங்கள்தான் காரணம் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள், ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. உங்கள் தூக்கம் அவளுடைய சிகிச்சையில் ஒரு பகுதி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டை அலமாரியிலிருந்து எடுத்து மருத்துவரை அழையுங்கள். இரண்டு வாரம் தாமதமானதையும், உறவினர்கள் சொன்னதையும், உங்கள் பயத்தையும் அவரிடம் அப்படியே சொல்லுங்கள். மகளுக்கு நேரம் வாங்கும்போது உங்கள் பெயரிலும் ஒரு நேரம் வாங்குங்கள். ஆறாவது வாரம் அவளுடைய எண்களைப் படித்துக் காட்டும்போது, முந்தைய இரவு நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.